பின்பாட்டு

3 ஜனவரி 1946

கிராமபோன் பிளேட் கடைக்காரர் புது வருஷத்துக்கு என் மகளுக்கு ஒரு டைரி கொடுத்தார். "நீங்களே எழுதுங்கப்பா, எனக்குப் பாட்டுத்தான் வரும்" என்று அவள் அதை என் பக்கம் தள்ளிவிட்டாள். மூன்றாம் பாரத்தில் இரண்டு தடவை பெயிலானவனுக்கு முந்நூற்று அறுபத்தைந்து பக்கம் கொஞ்சம் அதிகம்தான்.

பெயர் சென்னியப்பன். கோயமுத்தூர் – பல்லடம் பஸ்ஸில் பதினோரு வருஷம் கண்டக்டராக இருந்தேன். பஸ்ஸின் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் வண்டி நிற்கும், இரண்டு தட்டினால் கிளம்பும். இந்த உலகத்தில் என் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே ஜீவன் அந்த பஸ்தான்.

மகள் மயிலாத்தாள். சுவரொட்டியில் அந்தப் பெயர் எடுபடாது என்று கம்பெனிக்காரர்கள் மயூரவல்லி என்று மாற்றினார்கள். மயூரம் என்றாலும் மயில்தானாம். வடமொழியில் கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரியும் போலிருக்கிறது. பதினாலு வயதில் முதல் படம். இப்போது இருபத்து மூன்று, ஏழாவது படம் நடக்கிறது. எந்த சலூனுக்குப் போனாலும் கிராமபோனில் அவள்தான் பாடிக்கொண்டிருக்கிறாள். சவரம் பாதியில் நிற்கிறது, பாட்டுப் பிளேட் முடிந்தால்தான் மறு கன்னத்துக்கு வருகிறார்கள்.

நானும் சினிமாவில்தான் இருக்கிறேன். காக்கை விரட்டுகிறேன்.

சிரிக்க வேண்டாம். கேமரா ஓடும்போதே நடிகை நின்று பாட வேண்டும். மைக்கை மாமரத்தில் இலையோடு இலையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பிடில்காரர் கிளையில், தபலாக்காரர் புதருக்குப் பின்னால். அந்த நேரம் பார்த்து ஒரு காக்கை "கா" என்றால் ஆயிரம் அடி பிலிம் பாழ். அதனால் கறுப்புத் துணி கட்டிய மூங்கிலை ஆட்டிக் காக்கைகளைத் துரத்த ஓர் ஆள் வேண்டும். அதையும் சத்தமே இல்லாமல் செய்ய வேண்டும். கம்பெனிச் சீட்டில் என் உத்தியோகம் "சைலன்ஸ் இன்சார்ஜ்". பதினோரு வருஷம் கத்திப் பிழைத்தவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்.

11 ஜனவரி

இன்று நந்தவனப் பாட்டு. ஒன்பது டேக். முதல் டேக்கில் காக்கை (என் பிசகு). இரண்டாவதில் கதாநாயகர் தும்மினார். மூன்றாவதில் பிடில்காரர் கிளையிலிருந்து சறுக்கினார். மீதிக்கெல்லாம் கேமராக்காரர் காரணம் சொன்னார், எனக்குப் புரியவில்லை.

ஒன்பது தடவையும் மயிலு ஒரே மாதிரி பாடினாள் என்று எழுத வந்தேன். அது தப்பு. ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் அந்த வரி தன் வாயில் பிறக்கிற மாதிரி பாடினாள். மேல் ஸ்தாயியில் ஓர் இடம் வரும். அங்கே எல்லாரும் குரலைத் தூக்குவார்கள். இவள் குரலை இறக்கி, காதோரம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். ஒன்பதாவது தடவை மூங்கிலை ஆட்ட மறந்து நின்றேன். என் தலைக்கு மேலேயே ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அதுவும் கத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கண் இரண்டும் கோவைப்பழம். ஆர்க் விளக்குச் சூடு. பொன்னாத்தாள் வெள்ளரிக்காய் வில்லை வைத்துக் கட்டினாள். பொன்னாத்தாள் என் சம்சாரம். அவளைப் பற்றித் தனியாக எழுத இந்த டைரி போதாது.

12 ஜனவரி

கண் தேவலையாம். காக்கை நாலு.

6 பிப்ரவரி

மயிலுவுக்கு நட்சத்திர மிடுக்கு வந்துவிட்டது. செட்டுக்குக் கம்பெனி முதலாளி வந்திருந்தார். அவருக்குத் தொண்டை கட்டி, குரல் கரகரவென்று இருந்தது. "என்னம்மா, சௌக்கியமா?" என்று பக்கத்தில் போய்க் கேட்டார். இவள் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "கருப்பட்டிக் காப்பி ஒண்ணு கொண்டாங்கண்ணா, சூடா இருக்கட்டும்" என்றாள்.

எனக்கு மூங்கில் கையிலிருந்து நழுவிவிட்டது. முதலாளி கடகடவென்று சிரித்துவிட்டு, நிஜமாகவே காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார். நடிக்காத நேரத்திலும் நடிப்பு என்று எல்லாரும் மெச்சினார்கள்.

20 பிப்ரவரி

அரண்மனைப் படியில் மயிலு தடுக்கி விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. சேலை கட்டிவிடுகிறவளைத் திட்டினேன். கொசுவம் நீளமாம். இப்போதெல்லாம் இடைவேளை விட்டால் சவுண்டு ரூமுக்குப் போய் ராவ் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். ராவ் சவுண்டு என்ஜினியர், பேரன் பேத்தி எடுத்தவர். அங்கே மின்விசிறி இருக்கிறது. பாவம், நாளெல்லாம் விளக்கில் வேகிறவள்தானே.

4 மார்ச்

மகத்தான நாள்!

எட்டாவது படம். 'பத்மபுரி இளவரசி'. அக்ரிமெண்ட் வந்தது. மயிலு மேஜர்தான் என்றாலும் தகப்பன் கையெழுத்தும் வேண்டும் என்பது முதலாளியின் வழக்கம். வக்கீல் தமிழ் எனக்கு ஏறாது. "நீயே படி கண்ணு" என்றேன். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி கடகடவென்று படித்தாள். ஒரு இடத்தில் தட்டவில்லை, தடுமாறவில்லை. என்னைப் போல மூன்றாம் பாரத்தோடு நின்றவள்தான். ஆனால் என்ன படிப்பு!

அதில் ஒரு இடத்தில் காதைத் தீட்டினேன். "மேற்படி படத்தின் ஐந்து பாட்டுக்களுக்கும் பின்னணி..."

"நில்லு. பின்னணியா?"

"ஆமாங்கப்பா. பின்னணி."

"அட சக்கை!" என்று தொடையில் தட்டினேன். கூத்திலும் நாடகத்திலும் ராஜபார்ட் பாடும்போது பின்னால் நாலு பேர் நின்று பின்பாட்டுப் பாடுவார்கள். ராஜபார்ட்டுக்குத்தான் அந்த மரியாதை. என் மகளுக்கு சினிமாவிலேயே பின்பாட்டு வைக்கிறார்கள்!

"உனக்குப் பின்னாடி நாலு பேரு நிப்பாங்களா, அஞ்சு பேரா?"

மயிலு தாளை என் பக்கம் நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்கப்பா" என்றாள். போட்டேன். பொன்னாத்தாள் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல காரியம் நடக்கும்போது மூக்கை உறிஞ்சுவது அவள் வழக்கம்.

5 மார்ச்

உக்கடம் முதல் சிங்காநல்லூர் வரை சொல்லியாயிற்று. பழைய பஸ்ஸில் ஏறி, சீட்டுச் சீட்டாகப் போய்ச் சொன்னேன். இப்போதிருக்கும் கண்டக்டர் எனக்கே டிக்கெட் கேட்டான்.

15 ஏப்ரல்

பூஜை. எழுதவே கை வரவில்லை.

ரோஜா மாலையோடு போனேன். இளவரசி வேஷத்தில், கிரீடத்தோடு, முதுகைக் காட்டி நின்றவளுக்குப் பின்னாலிருந்து போட்டுவிட்டேன். திரும்பினால் வேறு பெண். இந்துமதியாம், புதுசாம், டான்ஸ் தெரியுமாம். முகம் சந்தனப் பொம்மை மாதிரி. "நமஸ்காரம் மாமா" என்றாள். அந்தக் குரல் பஸ்ஸில் பிரேக் பிடிக்கிற சத்தம்.

"இளவரசி இந்தப் பொண்ணா? அப்ப மயிலு?"

ராவ் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்த் தன் தெலுங்குத் தமிழில் விளக்கினார். இனிமேல் பாட்டை முன்கூட்டியே ஓர் அறையில் பதிவு செய்துவிடுவார்களாம். அப்புறம் செட்டில் அதை ஓடவிட்டு ஒருத்தி வாயசைப்பாளாம். மதராஸில் சில கம்பெனிகள் ஏற்கனவே செய்கிறார்களாம். "பின்னணி அண்டே அதான் சென்னியப்பா. மயூரவல்லி பாடும், இந்துமதி தெரியும்."

ஆக, என் மகளுக்குப் பின்னால் யாரும் நிற்கப்போவதில்லை. என் மகள்தான் இன்னொருத்திக்குப் பின்னால் நிற்கப்போகிறாள். ஏழு படத்தில் தலைநிமிர்ந்து நின்றவளை ஒரே கையெழுத்தில் பின்னால் தள்ளியவன் அவளைப் பெற்ற நான்.

மயிலு பூஜைக்கு வரவில்லை. தலைவலி என்றாள். ஏன் என்று இப்போது தெரிகிறது.

16 ஏப்ரல்

பொன்னாத்தாள், "ஏனுங்க, ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தீங்களே, அது திரும்பி வருதுங்களா?" என்று கேட்டாள்.

22 ஏப்ரல்

வெளிப்புறக் காட்சிக்கு ஒத்திகை. பழைய பிளேட் ஒன்றைப் பெட்டியில் ஓடவிட்டு இந்துமதியை வாயசைக்கச் சொன்னார்கள். காக்கை ஒன்று கத்தியது. மூங்கிலோடு ஓடினேன். டைரக்டர் நாற்காலியை விட்டு எழவேயில்லை. "கத்தட்டும் விடுய்யா. பாட்டுத்தான் தனியா பதிவாகப் போகுதே." எல்லாரும் சிரித்தார்கள். காக்கைகள் இன்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தன.

23 ஏப்ரல்

காலையிலேயே முதலாளி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் பாடம் பண்ணிக்கொண்டு போனேன். அவரைக் கண்டதும் மறந்துவிட்டது.

"முதலாளி, நான் படிப்பில்லாதவன். அந்த வார்த்தை எனக்குத் தெரியலீங்க. தெரியாமக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எந்த வார்த்தை?"

"பின்னணிங்க. பின்பாட்டுன்னு நெனச்சுட்டனுங்க."

அவர் சிரிக்கவில்லை. அதனாலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. "மயூரவல்லி முகம் இருந்தா எனக்குக் கசக்குமா சென்னியப்பா? நானும் கேட்டுப் பார்த்தேன். வேண்டாங்குது. என்ன வருத்தமோ தெரியலை. நீ அப்பன், பேசிப் பாரு. இன்னும் ஒரு காட்சிகூட எடுக்கலை. அது சரின்னு ஒரு வார்த்தை சொன்னா, இந்துமதியைத் தோழியாக்கிட்டு, இதைக் கிழிச்சுப் போடலாம்" என்று என் கையிலேயே அக்ரிமெண்டைக் கொடுத்தார்.

பஸ் பிடிக்கவில்லை. நடந்தே, ஏறக்குறைய ஓடியே வந்தேன். மயிலு முற்றத்தில் தம்புராவோடு இருந்தாள். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"இந்தா கண்ணு. உன் கையாலயே கிழி."

"என்னதுங்கப்பா இது?"

"அக்ரிமெண்ட்டு! முதலாளி திருப்பிக் குடுத்துட்டாரு. அந்த ஆறாவது ஷரத்தைப் படி, வயிறெரியக் கேட்டுட்டுக் கிழிக்கலாம்."

தாளை எடுத்தாள். எதிர்ச்சுவரைப் பார்த்தாள். படித்தாள். "ஆறு. மேற்படி படத்தின் ஐந்து பாட்டுக்களுக்கும் பின்னணி..." ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அவள் கையில் இருந்தது பல்பொடி நோட்டீஸ். பெரிய பல்செட்டுப் படம் போட்டது. காலையில் தெருமுனையில் எவனோ கொடுத்ததை அதே பையில் வைத்திருந்தேன்.

"மயிலு" என்றேன். "இது பல்பொடி நோட்டீசு கண்ணு."

உள்ளே அம்மிச் சத்தம் நின்றது.

"மாத்திக் குடுத்துட்டீங்களாப்பா?" என்று சிரிக்கப் பார்த்தாள். பிறகு நோட்டீஸை அழகாக மடித்துத் தம்புராவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "எழுத்துக் கண்ணுக்குத் தெரிஞ்சு ஆறு மாசமாச்சுங்க. ஆளுக நெழலாட்டம் தெரியறாங்க. கொரலை வெச்சுத்தான் யாருன்னு கண்டுக்குவேன். அன்னிக்கு முதலாளிக்குத் தொண்டை கட்டியிருந்துது. ஏமாந்துட்டேன்."

மார்கழியில் பிளேட் பதிவுக்கு மதராஸ் போனார்களே, தாயும் மகளும், அப்போதே கண் டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது வருஷத்து ஆர்க் விளக்கு. நடக்கிற படத்துக்கு அப்புறம் விளக்குக்கு முன்னால் நிற்காவிட்டால் இருக்கிற பார்வை நிற்குமாம். இன்னொரு படம் நடித்தால் அதுவும் போய்விடுமாம். இவளேதான் முதலாளியிடம் போய், முகத்துக்கு வேறு ஆள் பாருங்கள், தொண்டைக்கு நான் இருக்கிறேன் என்றிருக்கிறாள். கண் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. ராவ் அக்ரிமெண்டை மூன்று தடவை படித்துக் காட்ட, பாட்டைப் போல மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து எனக்கு ஒப்பித்திருக்கிறாள்.

"ராவுக்குத் தெரியும். உங்கம்மாளுக்குத் தெரியும். எனக்கு மட்டும் ஏஞ் சொல்லலே?"

பொன்னாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "உங்ககிட்டச் சொன்னா, பல்லடம் வரைக்கும் ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் எறக்கி விட்டுட்டு வந்திருப்பீங்க."

மயிலு தம்புராவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ஊருக்குத் தெரிஞ்சா, மயூரவல்லிக்குக் கண்ணு போச்சாம்னு பரிதாபப்பட்டுப் பாட்டுக் கேப்பாங்கப்பா. எனக்கு அது வேண்டாம். பாட்டுக்காகப் பாட்டுக் கேக்கோணும்." தந்தியை ஒரு விரலால் மீட்டினாள். "அப்புறம், நான் அந்த மரத்தடியில நிக்கலைன்னா நீங்க எங்கீங்க நிப்பீங்க? அதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலீங்க."

24 ஏப்ரல்

அக்ரிமெண்டைத் திருப்பிக் கொடுத்தேன். "பாட்டு மட்டும் போதுமாம் முதலாளி. நான்தான் அவசரப்பட்டுட்டேன்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காரணம் கேட்டார். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

2 மே

ஒன்பது நாளாக ஒருவரிடமும் சொல்லவில்லை. வயிறு உப்புசமாக இருக்கிறது. பொன்னாத்தாள் ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

30 மே

பாட்டு வரிகளை இப்போது நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். என் குரலில் எந்த வரியும் அடுத்த ஸ்டாப்பிங்கின் பெயர் மாதிரிதான் வருகிறது. அதையே அவள் வாங்கித் திருப்பிப் பாடும்போது, இதையா நான் படித்தேன் என்று தாளை மறுபடி பார்க்கிறேன்.

19 ஜூன்

முதல் பாட்டுப் பதிவு.

அறைக்கு வெள்ளாட்டுத் தோலும் சாக்குமாக ஒட்டி வைத்திருந்தார்கள். வெளியுலகத்தின் எந்தக் காக்கையும் உள்ளே கேட்காது. எனக்கு அங்கே வேலை இல்லை. மகளுக்குத் துணை என்று ஒரு மூலையில் உட்கார்ந்தேன். ஒரு கோடியில் மைக்குக்கு முன்னால் மயிலு. மறு கோடியில் வாத்தியக்காரர்களோடு மியூசிக் டைரக்டர் சேஷய்யர்.

பாட்டு தொடங்குவதற்கு முன்னால் புல்லாங்குழல் தனியாகப் போகிற இடம் ஒன்று. தாளம் கிடையாது. குழல் எங்கே முடியும், பாட்டு எங்கே எடுக்க வேண்டும் என்பது சேஷய்யர் கைக்குத்தான் தெரியும். ஒத்திகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து "ம்" கொட்டினார், சரியாக வந்தது. இன்று மைக் ஓடும்போது "ம்" கொட்ட முடியாது. கையை மட்டும் அசைத்தார். அது தூரத்தில் இருந்தது.

முதல் தடவை மயிலு முந்திவிட்டாள். இரண்டாவது தடவை பிந்தினாள்.

"என்னம்மா, கையைப் பார்க்கலையா?" என்றார் சேஷய்யர்.

"மன்னிச்சுக்குங்க அண்ணா."

மூன்றாவது தடவையும் முந்தியது. பிடில்காரர் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம், "தொண்டை இருக்கு, காது போயிடுத்தோ?" என்றார். எனக்கே கேட்டது என்றால் அவளுக்குக் கேட்காமலா இருக்கும். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முந்தானை நுனியை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

எழுந்து போனேன். கால் தானாகப் போயிற்று.

"சாமி, பாப்பாவுக்கு முதுகுப் பக்கம் காத்துப் பட்டா ஆகாதுங்க. நான் பின்னால நின்னு மறைச்சுக்கறேன்."

"காத்தா? இந்த ரூம்லயா?" சேஷய்யர் வேர்வையைத் துடைத்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராவின் குரல் வந்தது. "நிக்கட்டும் அய்யா. சென்னியப்பா, மூச்சு மட்டும் விடாதே. மைக்ல வரும்."

மயிலுவுக்குப் பின்னால் போய் நின்றேன். குழல் கிளம்பியது. அலைந்தது. ஏறியது. நான் சேஷய்யர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லடம் ரோட்டில், கடைசிப் பிரயாணி படியில் கால் வைக்கிறானா என்று பதினோரு வருஷம் பார்த்த கண். கை உயர்ந்தது. நின்றது. இறங்கியது.

மகளின் தோளில் விரலால் இரண்டு தட்டு.

அவள் எடுத்தாள்.

அதை எப்படி எழுதுவது? ஏழு படத்தில் அவள் பாடியதெல்லாம் கிரீடத்தையும் விளக்கையும் சுமந்துகொண்டு பாடியது என்று அப்போதுதான் தெரிந்தது. இன்று ஒரு சுமையும் இல்லை. குரல் மட்டும் எழுந்து நின்றது. மேலே போகவேண்டிய இடத்தில் இறங்கி, காதோரம் சொல்லிவிட்டுப் போயிற்று. காது போனதா என்று கேட்ட பிடில்காரர் வில்லை மடியில் போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார். நல்லவேளை, அது கடைசி ஸ்வரத்துக்கு அப்புறம்.

"ஓகே" என்றார் ராவ். நான் அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டேன்.

"நாளைக்கும் காத்து அடிக்குமா சென்னியப்பன்?" என்று சேஷய்யர் கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டதா என்று தெரியவில்லை. "படம் முடியற வரைக்கும் அடிக்குமுங்க சாமி" என்றேன்.

வெளியே வந்ததும் மயிலு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டீங்களேப்பா, பின்னாடி நாலு பேரு நிப்பாங்களா, அஞ்சு பேரான்னு. ஒருத்தர்தானுங்க."

26 அக்டோபர்

படம் வந்துவிட்டது. மேட்னி ஷோ. முக்காடு போட்ட மயிலுவை நடுவில் உட்காரவைத்து, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பொன்னாத்தாள்.

பிளேட்டில் பாடியவர் என்று 'இளவரசி பத்மா' பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள், கதையில் வருகிற பெயரை. எங்கள் வீட்டுப் பிளேட்டில் மட்டும் நான் பேனாவால் திருத்திவிட்டேன்.

முதல் பாட்டு. இந்துமதி நிலா முற்றத்தில் நடந்து வந்து வாயசைத்தாள். குறை சொல்லக்கூடாது, அந்தப் பெண் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறாள். மயிலு திரைப்பக்கம் திரும்பியிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள்.

"நான் எப்படிங்கப்பா இருக்கறேன்?" என்று காதில் கேட்டாள். குரலில் குறும்பு.

"கொஞ்சம் வெளுத்திருக்கே. மத்தபடி ஒரு குறையுமில்லே."

முன் வரிசையில் ஒரு ஆள் பக்கத்திலிருப்பவனிடம் சொன்னான்: "டேய், இது அந்தப் புள்ள தொண்டை இல்லடா. இது மயூரவல்லி."

"அவங்கதான் நடிக்கலியே?"

"நடிக்கலைன்னா என்ன? எனக்குத் தெரியாதா?"

இந்த டைரியைப் படிக்கிறவர்கள் என்னை மெச்ச வேண்டும். அந்த ஆளின் தோளைத் தொட்டு, "ஆமா சாமி, இதோ பக்கத்துலதான் இருக்கறா, என் மகள்தான்" என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். திறந்த வாயை மூடினேன். கொட்டகை முழுக்க "ஒன்ஸ்மோர்" என்று கத்தியது. பதினோரு வருஷம் கத்திய நான் மட்டும் கத்தவில்லை.

ஆபரேட்டர் படத்தை நிறுத்தி ரீலைத் திருப்பினார். விளக்கு அணைந்தது. மறுபடியும் குழல் கிளம்பியது.

பழக்க தோஷம். மகளின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன்.